நேபாளி இலக்கியத்தில் முனைவர் பட்டம்: வழிகாட்டியும் தலைப்பும் முதலில்

கேள்வி: சிலிகுரியில் ரயில்வே வேலையில் இருக்கிறேன். என் மனைவி காலிம்போங்கைச் சேர்ந்தவர். நேபாளி எம்.ஏ.வில் 58 சதவீதம் எடுத்திருக்கிறார், வயது 31. பள்ளியில் பாடம் நடத்துகிறார். பிஎச்.டி. செய்ய ஆசைப்படுகிறார். வேலையை விடாமல் முடியுமா? காத்மாண்டுவில் சேர்வது நல்லதா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். முதுகலையில் 55 சதவீதம் இருந்தாலே போதும், அந்தத் தகுதி உங்கள் மனைவிக்கு இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள் பகுதிநேரப் பிஎச்.டி.யை அனுமதிக்கின்றன. பள்ளி நிர்வாகத்திடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஆய்வுக்கு நேரம் ஒதுக்கித் தருவோம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பாடநெறிக்குக் குறைந்தது 12 கிரெடிட் உண்டு; அந்தக் காலத்தில் விடுப்பு கிடைக்குமா என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டு, பொதுவான வரம்பு ஆறு ஆண்டு. பெண்களுக்குக் கூடுதல் சலுகை உண்டு. தொலைநிலைப் பிஎச்.டி. தருகிறோம் என்று யார் சொன்னாலும் சேர வேண்டாம், அது செல்லாது.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் நேபாளி தனிப் பாடமாகவே இருக்கிறது. 2024 ஜூன் முதல் அந்த மதிப்பெண்ணை வைத்துப் பிஎச்.டி.யில் சேரலாம். நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று கணக்கிடுவார்கள். ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய் வரும். அதற்கு வயது வரம்பு 30 என்றாலும் பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. ஆனால் அது முழுநேர ஆய்வாளருக்கான உதவித்தொகை. பள்ளி வேலையா, உதவித்தொகையா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

எங்கே சேர்வது? உங்கள் ஊரிலேயே வடக்கு வங்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அடுத்து காங்டோக்கில் சிக்கிம் பல்கலைக்கழகம். இரண்டிலும் நேபாளித் துறை உண்டு. விண்ணப்பிக்கும் முன் அங்குள்ள பேராசிரியர்கள் எதில் ஆழம் என்று பாருங்கள். ஒரு பேராசிரியர் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் வழிகாட்ட முடியும். இடம் காலியா என்று நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது. நுழைவுத் தேர்வில் தேறியும் வழிகாட்டி அமையாமல் ஓர் ஆண்டு வீணாவதுதான் கொடுமை.

அப்புறம் தலைப்பு. என் அழுத்தமான கருத்து, அதை டார்ஜிலிங் மலைப் பகுதியிலேயே தேடுங்கள். தேவகோட்டா, பானுபக்தர் போன்ற பெரிய நேபாளிக் கவிஞர்களைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியாயிற்று. ஆனால் 1924இல் நேபாளி சாகித்ய சம்மேளனம் என்ற இலக்கிய அமைப்பு தொடங்கியதே டார்ஜிலிங்கில்தான். இந்திர பகதூர் ராய், பைராகி காயிலா, ஈஸ்வர் பல்லவ் மூவரும் 1963இல் ‘மூன்றாம் பரிமாணம்’ இலக்கிய இயக்கத்தைத் தொடங்கியதும் அங்கேதான். அந்த மண்ணின் சிற்றிதழ்கள், தேயிலைத் தோட்டத்துக் கதைகள், அசாம் நேபாளிகளின் எழுத்து என்று செய்ய வேண்டியது குவிந்து கிடக்கிறது. பழைய இதழ்களை வீடுகளில் தேடிப் போய்க் கேட்கவேண்டி வரும். காலிம்போங்கில் பிறந்தவருக்கு அந்தக் கதவுகள் எளிதில் திறக்கும். வெளியூர் ஆய்வாளருக்கு அந்த வசதி இல்லை. ‘நேபாளி நாவல்களில் பெண்’ என்று அகலமாக வைக்காமல், ஒரு பகுதி, ஒரு காலம், ஒரு வகை எழுத்து என்று சுருக்குங்கள். ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று இந்திய ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் பாருங்கள். தேவநாகரியில் ஒருமுறை, ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களில் ஒருமுறை தேட வேண்டும், இல்லாவிட்டால் பாதி ஆய்வேடுகள் கண்ணில் படாது.

காத்மாண்டுவில் கீர்த்திபூரில் திரிபுவன் பல்கலைக்கழகத்தின் நேபாளி மத்தியத் துறை பெயர் பெற்றதுதான். ஆனால் இந்தியாவில் கல்லூரி வேலைக்கு அந்தப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று வாங்க வேண்டும். அதனால் இங்கே பதிவு செய்துவிட்டு, தரவு தேட அங்கே போய் வரச் சொல்வேன். லலித்பூர் பாடன்டோக்காவில் உள்ள மதன் புரஸ்கார் நூலகத்தில் பழைய நேபாளி நூல்களும் இதழ்களும் சேகரித்து வைத்திருக்கிறார்கள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை.

இன்னொன்று, தட்டச்சை முதல் நாளிலிருந்தே யூனிகோடில் செய்யச் சொல்லுங்கள். நேபாளியில் ‘ப்ரீதி’ எழுத்துரு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், அதில் சொல் தேடவும் முடியாது. பழைய கோப்புகள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு கூட்டெழுத்துகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.