கிராண்ட் கேன்யனும் நீண்ட வாரக்கடைசியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்கச் சுற்றுலா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நம்மவர்கள் இடங்களைப் பார்ப்பதில்லை, பட்டியலில் டிக் அடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் கோபம் வந்தது. நான் டல்லாஸில் வேலை பார்க்கிறேன். கிடைக்கும் விடுப்பில் பெரும்பகுதி ஊருக்குப் போய்வரவே சரியாகிவிடும். மிச்சம் நீண்ட வாரக்கடைசிகள்தான். அதில் ஓடி ஓடித்தான் பார்க்க முடியும். ஒரே இடத்தில் பத்து நாள் உட்கார எழுத்தாளர்களுக்கு நேரம் இருக்கலாம், எங்களுக்கு ஏது?

இப்போது அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அப்பா பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி உண்டு. மே கடைசியில் மெமோரியல் டே விடுமுறைக்குப் போகிறோம். வெள்ளி இரவு லாஸ் வேகஸ். சனி காலை ஹூவர் அணை, பிறகு கண்ணாடித் தரை போட்ட ஸ்கைவாக், அப்படியே கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பான சவுத் ரிம் போய்த் தங்கல். ஞாயிறு பேஜ் ஊர்ப் பக்கம் ஹார்ஸ்ஷூ பெண்ட், ஆன்டிலோப் கேன்யன், இரவு ஸயான் தேசியப் பூங்கா பக்கம். திங்கள் ஸயான் பார்த்துவிட்டு வேகஸ் வந்து இரவு விமானம். எதையாவது விட்டுவிட்டேனா? அம்மா ஒன்று கேட்கச் சொன்னார்: மேலிருந்து பார்த்தால் ஆறு தெரியுமா?

எஸ்.,
டல்லாஸ்

அன்புள்ள எஸ்.,

கோபம் இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் நேரம் குறைவாக இருப்பதை நான் எங்கும் குறை சொல்லவில்லை. கிராண்ட் கேன்யனுக்குப் பத்து நாள் தேவையே இல்லை. விளிம்பில் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு மாலையும் மறுநாள் காலையும் போதும். உங்கள் திட்டத்தில் எல்லாம் இருக்கிறது, அந்த மாலையும் காலையும் மட்டும் இல்லை.

சனிக்கிழமையை மட்டும் கணக்குப் போடுங்கள். ஹூவர் அணையில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஸ்கைவாக் இருக்கும் கிராண்ட் கேன்யன் வெஸ்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே உங்கள் காரை வாசலில் நிறுத்திவிட்டு அவர்களுடைய பேருந்தில்தான் உள்ளே போக முடியும். வரிசை, சாப்பாடு எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம். பிறகு சவுத் ரிம்முக்கு நான்கு மணி நேரக் கார்ப் பயணம். மே கடைசியில் அங்கே ஏழே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். நீங்கள் போய்ச் சேரும்போது இருட்டு. ஞாயிறு காலை எழுந்து, நின்ற இடத்தில் நான்கு படம் எடுத்துக்கொண்டு, பேஜ் ஊரை நோக்கி மூன்று மணி நேரம் ஓட்டப் போகிறீர்கள். இரண்டரை நாளில் எழுநூறு மைலுக்கு மேல். முழங்கால் வலிக்காரரை அத்தனை தூரம் பின்சீட்டில் மடக்கி உட்காரவைப்பது உங்களுக்கே சரியாகத் தெரிகிறதா?

ஸ்கைவாக்கை முதலில் எடுத்துவிடுங்கள். அது கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவுக்குள் இல்லை. ஹுவலபாய் பழங்குடியினரின் நிலத்தில், அவர்களே நடத்தும் இடம், 2007இல் திறந்தார்கள். பூங்காவின் சீட்டு அங்கே செல்லாது, தனிக் கட்டணம். அந்த மக்களுக்கு அது நல்ல வருமானம், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். வேகஸில் இருந்து ஒரே நாளில் போய்வர வேண்டியவர்களுக்கு அது சரியான தேர்வும்கூட. ஆனால் சவுத் ரிம்மில் தங்கப் போகிறவர் ஒரு கண்ணாடித் தரைக்காக அரை நாளைச் செலவழிக்க வேண்டாம்.

ஆன்டிலோப் கேன்யனும் இந்த முறை வேண்டாம் என்பேன். அழகில் குறை இல்லை. ஆனால் அது நவஹோ பழங்குடியினரின் நிலம், வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், குறித்த நேரத்துக்கு முன்பதிவு செய்ய வேண்டும். அந்த நேரமே அங்கே ஒரு தலைவலி. பேஜ் இருக்கும் அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவதில்லை. நவஹோ நிலமும் பக்கத்து யூட்டா மாநிலமும் தள்ளுகின்றன. பேஜ் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால் கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். அவசரத்தில் போகிறவர்கள் ஒரு மணி நேரக் குழப்பத்தில் முன்பதிவைக் கோட்டைவிடுவது அங்கே சாதாரணம். போதாததற்கு, அதன் ஒரு பகுதியான லோயர் ஆன்டிலோப்பில் செங்குத்தான இரும்புப் படிகள். அப்பாவால் இறங்க முடியாது.

ஹூவர் அணையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பொதுப்பணித்துறைக்காரரை அதைத் தாண்டிக் கூட்டிப்போவது பாவம். மேட்டூர் அணை முடிந்தது 1934இல். ஹூவர் அணையை அதிபர் ரூஸ்வெல்ட் அர்ப்பணித்தது 1935 செப்டம்பரில். இரண்டும் ஒரே காலத்தில் எழும்பியவை. மேட்டூரின் உயரம் 214 அடி, இது 726 அடி. அத்தனை கான்கிரீட்டையும் ஒரே மூச்சில் கொட்டியிருந்தால் சூடு தணியவே நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு, கட்டம் கட்டமாக வார்த்து, உள்ளே குழாய்களைப் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். உங்களுக்கு இது துணுக்குச் செய்தி, அப்பாவுக்கு அப்படி இருக்காது. அவரைக் கேட்டுப் பாருங்கள், அன்று வழி முழுக்க அவர்தான் பேசுவார். ஒரு எச்சரிக்கை: நெடுஞ்சாலை இப்போது 2010இல் திறந்த புதிய பாலத்தின் மேல் போகிறது. பக்கச்சுவர் மறைப்பதால் காருக்குள் இருந்து அணை தெரியாது. பிரிவுச் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும்.

காலை ஏழு மணிக்கு வேகஸை விட்டால், அணையைப் பார்த்துவிட்டு, கிங்மன், வில்லியம்ஸ் வழியாக, சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து, மூன்று மணிவாக்கில் சவுத் ரிம் போய்விடலாம். கூட்டம் இருக்கும், மெமோரியல் டே அல்லவா. 1857-58இல் ராணுவத்துக்காக இந்தப் பகுதியை அளக்க வந்த லெப்டினென்ட் ஐவ்ஸ், இது ஒன்றுக்கும் உதவாத இடம், எங்களுக்குப் பிறகு எந்த வெள்ளைக்காரனும் இங்கே வரப்போவதில்லை என்று அறிக்கை எழுதினார். இன்று ஆண்டுக்கு நாற்பது லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். மேதர் பாயிண்ட் என்ற காட்சிமுனையில் கார் நிறுத்த இடம் தேடும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள், எரிச்சல் குறையும்.

நடுப்பகலில் பார்த்துவிட்டு, ‘இவ்வளவுதானா?’ என்று கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உச்சி வெயிலில் நிழலே இருக்காது. பத்து மைல் அகலம், ஒரு மைல் ஆழம், ஆனால் கண்ணுக்கு நாடகத் திரையில் எழுதிய படுதா மாதிரி தட்டையாகத் தெரியும். நான்கு மணிக்கு மேல்தான் நிழல் நீளும். ஒவ்வொரு முகடும் அடுத்ததில் இருந்து பிரியும், அப்போதுதான் ஆழமே புலப்படும். விடியலில் அதே காட்சி எதிர்ப்பக்கத்தில் இருந்து. அதனால்தான் அங்கே தூங்கி எழ வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகள் பல மாதம் முன்பே நிறைந்துவிடும், யாராவது ரத்து செய்தால் உண்டு. வாசலுக்கு வெளியே டுசாயன் என்ற ஊர் இருக்கிறது, விலை அதிகம். வில்லியம்ஸ் ஒரு மணி நேரம் தள்ளி, கையைக் கடிக்காது. ஆனால் விடியலுக்கு மூன்றரைக்கே எழ வேண்டும். சூரியன் ஐந்தேகாலுக்கு வந்துவிடும்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஆறு தெரியும், எல்லா இடத்திலும் அல்ல. எல்லோரும் முதலில் ஓடும் மேதர் பாயிண்டில் கண்ணைச் சுருக்கித் தேட வேண்டியிருக்கும். கிழக்கே டெசர்ட் வியூ சாலையில் சொந்தக் காரிலேயே போகலாம். இருபது மைலுக்கு மேல் போனால் லிபான் பாயிண்ட். காரை நிறுத்தி நாலு எட்டு வைத்தால் விளிம்பு, கீழே கொலராடோ ஆறு வளைந்து போவது தெளிவாகத் தெரியும். அப்பாவின் காலுக்கும் அதுவே நல்லது. மாலைக்கு அங்கேயே போங்கள். ஹோப்பி பாயிண்டின் சூரிய அஸ்தமனம் பேர்போனதுதான், ஆனால் மார்ச் முதல் நவம்பர் வரை அங்கே பூங்காப் பேருந்தில்தான் போக முடியும். இருட்டியதும் திரும்புகிற பேருந்துக்கு நிற்கும் வரிசையில் பெரியவர்களை நிறுத்த வேண்டாம்.

அந்த ஆற்றைப் பார்த்து ஏமாந்த முதல் வெளியூர்க்காரர்கள் ஸ்பானியர்கள். 1540இல் கார்டெனாஸின் ஆட்கள் விளிம்பில் நின்று, ஆறு ஓர் ஆறடி அகலம் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். கூட்டிவந்த பழங்குடியினர், அதெல்லாம் இல்லை, ரொம்பப் பெரிசு என்றார்கள். மூன்று பேர் இறங்கிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் முடியாமல் மேலே ஏறி வந்து, பழங்குடியினர் சொன்னதுதான் சரி என்றார்கள். உண்மையில் சராசரியாக முந்நூறு அடி அகலம். அம்மாவுக்கு இதைச் சொல்லிவிட்டு, எவ்வளவு அகலம் இருக்கும் என்று அவரையும் மதிப்பிடச் சொல்லுங்கள்.

ஞாயிறு காலை எங்கும் ஓட்ட வேண்டாம். யவபாய் அருங்காட்சியகத்தில் இருந்து கிராண்ட் கேன்யன் கிராமம் வரை விளிம்பை ஒட்டித் தார் போட்ட, ஏற்ற இறக்கம் குறைந்த நடைபாதை ஒன்று. பெயர் ட்ரெயில் ஆஃப் டைம். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு பின்னால் போகிறீர்கள். மனித இனத்தின் மொத்த வரலாறும் முதல் மீட்டருக்குள் முடிந்துவிடும். வழி நெடுக, கீழே பள்ளத்தாக்கில் இருந்து கொண்டுவந்த பாறைகளை அதனதன் வயதுக்குரிய இடத்தில் வைத்திருக்கிறார்கள், தொட்டுப் பார்க்கலாம். நீங்கள் நின்றுகொண்டிருக்கும் மேல்தட்டுச் சுண்ணாம்புக்கல்லுக்கு வயது 27 கோடி ஆண்டு. ஆற்றோரத்துக் கரும்பாறைக்கு 170 கோடிக்கு மேல். பள்ளத்தாக்கைச் செதுக்கிய ஆற்றுக்கோ ஐம்பது அறுபது லட்சம் ஆண்டுதான். மொத்தம் இரண்டு கிலோமீட்டர். அப்பா அங்கங்கே உட்கார்ந்து உட்கார்ந்து வரட்டும்.

பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதையில் நீங்கள் கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாம். இறங்கிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஆகும் என்பது நினைவிருக்கட்டும். பெரியவர்கள் வேண்டாம். பாலைவனம் என்று நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள், சவுத் ரிம் ஏறக்குறைய ஊட்டியின் உயரம். ராத்திரி நடுங்கும். அணில்களுக்குப் புளியோதரை போட அம்மாவை அனுமதிக்காதீர்கள், கடிக்கும்.

ஹார்ஸ்ஷூ பெண்டையும் ஸயானையும் இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கிளம்பி வில்லியம்ஸிலோ கிங்மனிலோ தங்கிவிட்டால் திங்கள் நிதானமாக வேகஸ் போகலாம்.

பணக் கணக்கும் ஒன்று இருக்கிறது. கிராண்ட் கேன்யன் பூங்காவுக்குள் நுழைய காருக்கு 35 டாலர், ஏழு நாள் செல்லும். ஆனால் 2026 ஜனவரியில் இருந்து, அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆன எவருக்கும் பதினொரு பெரிய பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். கிராண்ட் கேன்யன், ஸயான் இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. வெளிநாட்டவருக்கான ஆண்டுச் சீட்டு 250 டாலர். இதே ஆண்டில் அப்பா அம்மாவை ஸயானுக்கும் யெல்லோஸ்டோனுக்கும் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால் அதை வாங்கிவிடுங்கள், அதுதான் கட்டுப்படியாகும்.

அன்புடன்