சிவப்புக்கல் உடையூசி

கேள்வி: ஜெர்மனியிலிருந்து வந்த மாமா, பிராங்கியர் (பழைய காலத்தில் மேற்கு ஐரோப்பாவை ஆண்ட ஜெர்மானிய இனத்தார்) காலத்து உடையூசி (புரோச்) என்று சிவப்புக்கல் பதித்த ஒன்றைத் தந்தார். அசலா என்று எப்படிப் பார்ப்பது?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: மகன், முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. ஊசியைப் பெரும்பாலும் இரும்பில்தான் செய்தார்கள். இத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தால் துருக்கட்டிதான் மிஞ்சும். பளபளவென்று முழு ஊசி இருந்தால் எனக்குச் சந்தேகம்தான். பிறகு லென்ஸ் வைத்துக் கல்லைப் பாருங்க. நல்ல வேலையென்றால் கார்னெட் என்ற சிவப்புக்கல்லை மெல்லிய தகடாக அறுத்திருப்பார்கள்; அடியில் சின்னச் சதுரங்கள் அச்சடித்த பொன் தாள் மினுங்கும். அந்தக் கற்களில் ஒரு பகுதி இந்தியாவிலும் நம்ம இலங்கையிலும் இருந்து போனதுதான்! 1653இல் பெல்ஜியத்தின் தூர்னேயில் தோண்டியெடுத்த, சில்டெரிக் என்ற பிராங்கிய அரசனின் கல்லறைப் புதையலில் இருந்த வாளிலும் கார்னெட் வேலைதான். அந்தப் புதையலில் பெரும்பகுதியை 1831இல் பாரிஸில் திருடி உருக்கிவிட்டார்கள், பாவிகள். உங்கட உடையூசியைப் புளி போட்டுத் தேய்க்கத் தட்டாரிடம் கொடுத்துடாதீங்க. வாங்கின பற்றுச்சீட்டை மாமாவிடம் கேட்டு வாங்கி வையுங்க.