காலை உணவில் முட்டை: கலோரி கூடுவது மஞ்சள் கருவாலா, எண்ணெயாலா?

கேள்வி: எடையைக் குறைப்பதற்காக நாளொன்றுக்கு 1,500 கலோரி என்று கணக்கு வைத்துச் சாப்பிடுகிறேன். காலையில் இரண்டு முட்டை சாப்பிடுவது வழக்கம். மஞ்சள் கருவை நீக்கிவிட வேண்டுமா? அவித்துச் சாப்பிடுவதா, ஆம்லெட் போடுவதா? பச்சையாகக் குடித்தால் சத்து கூடுதலாகக் கிடைக்குமா?

பதில்: ஓடு நீக்கி ஏறத்தாழ 50 கிராம் எடையுள்ள பெரிய முட்டை ஒன்றில் சுமார் 72 கலோரி இருக்கிறது. இதில் ஏறக்குறைய 55 கலோரி மஞ்சள் கருவிலும், 17 கலோரி வெள்ளைக் கருவிலும் உள்ளன. இந்த வேறுபாட்டைப் பார்த்தவுடன் மஞ்சள் கருவைத் தூக்கி எறியத் தோன்றுவது இயல்புதான். ஆனால் புரதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் நிலைமை மாறிவிடும். இரண்டு முழு முட்டையில் கிடைக்கும் 12 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதத்தை, ஒரு மஞ்சள் கருவை விலக்கிவிட்டுப் பெற வேண்டுமானால், ஒரு முழு முட்டையோடு இரண்டு வெள்ளைக் கருக்களைச் சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கு 106 கலோரி ஆகும். இரண்டு முழு முட்டைக்கு 144. மிச்சமாவது 38 கலோரி மட்டுமே.

அந்த 38 கலோரியை ஒரு தேக்கரண்டி எண்ணெய் திருப்பிக் கொண்டுவந்துவிடும். எந்த எண்ணெயானாலும் 5 மில்லிலிட்டருக்குச் சுமார் 40 கலோரி. மேசைக்கரண்டி அளவென்றால் 120. புட்டியைச் சாய்த்து நேராக வாணலியில் ஊற்றுபவர்கள் பெரும்பாலும் தாங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவே ஊற்றுகிறார்கள். ஆம்லெட்டைத் தட்டிலிருந்து எடுத்த பிறகு அடியில் பளபளவென்று ஒரு படலம் தங்கியிருக்கிறதா என்று நாளைக் காலை பாருங்கள். உங்கள் கணக்கில் எழுதப்படாத கலோரி அதுதான். மஞ்சள் கருவை நீக்கிவிட்டு மேசைக்கரண்டி எண்ணெயில் வெள்ளைக் கரு ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, எடை குறையவில்லையே என்று வருந்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கும். கோலின், வைட்டமின் ஏ, வைட்டமின் டி, பி12-இன் பெரும்பகுதி ஆகியவை இருப்பது மஞ்சள் கருவில்தான்.

ஆகவே அவித்த முட்டையே கணக்குக்கு மிக எளிது. ஓட்டுக்குள் வேகும்போது எதுவும் கூடுவதில்லை. ஆம்லெட்தான் விருப்பம் என்றால் அதையும் விட வேண்டியதில்லை. ஒட்டாத வாணலியை மிதமான தீயில் சூடாக்கி, எண்ணெயைத் தேக்கரண்டியால் அளந்து விட்டு, தாளாலோ தூரிகையாலோ பரப்பிக்கொள்ளுங்கள். வெங்காயம், தக்காளி, கீரை ஆகியவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம். பாலாடைக்கட்டியையும் வெண்ணெயையும் மட்டும் எடை போட்டுச் சேருங்கள். சிறிய முட்டை வாங்குபவராக இருந்தால், ஒன்றுக்கு 54 கலோரி என்று எழுதிக்கொள்வது சரியாக இருக்கும்.

கொழுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு மஞ்சள் கருவில் 190 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் உண்டு. ஆயினும் பெரும்பாலோருக்கு இரத்தக் கொலஸ்ட்ராலை அதிகம் உயர்த்துவது உணவிலுள்ள நிறைவுற்ற கொழுப்பே என்பதால், நாளுக்கு 300 மில்லிகிராம் என்று முன்பு விதித்திருந்த வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதல்கள் 2015-இல் கைவிட்டன. நீரிழிவோ, கெட்ட கொலஸ்ட்ரால் மிகுதியோ, பரம்பரையான கொலஸ்ட்ரால் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் எத்தனை மஞ்சள் கரு என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். அவர்களுக்கு, ஒரு முழு முட்டையும் இரண்டு வெள்ளைக் கருவும் என்ற முறை உண்மையிலேயே பயன்படும்.

பச்சை முட்டை வேண்டாம். வெந்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு செரிக்கிறது. பச்சையாகக் குடித்தால் ஏறக்குறைய பாதிதான் செரிக்கிறது. சால்மொனெல்லா கிருமியின் அபாயமும் சேர்ந்துகொள்கிறது. மஞ்சள் கரு இறுகும் வரை வேகவைத்தே சாப்பிடுங்கள். வீட்டில் கர்ப்பிணிகளோ குழந்தைகளோ முதியவர்களோ இருந்தால், அவர்களுக்கு அரைவேக்காட்டு முட்டையும் கொடுக்காதீர்கள்.