ஹோம் நர்ஸ் வேலைக்கு நாகர்கோவில் பக்கம் எந்தப் பயிற்சியில் சேரலாம்?

பிளஸ் டூ முடித்த தங்கையை ஒரு வருட ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ படிப்பில் சேர்க்கலாமா, முதியோரைக் கவனிக்கும் வேலைக்கு அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணம் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: நர்ஸாக வேலை பார்க்க நர்சிங் கவுன்சில் பதிவு வேண்டும். 2 வருட ஏ.என்.எம். (துணை நர்ஸ், பிரசவ உதவிப் படிப்பு), 3 வருட ஜி.என்.எம். (பொது நர்சிங் டிப்ளமோ), 4 வருட பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும். ஒரு வருடச் சான்றிதழை நம்பி ஊசி போடுவதும் டிரிப் ஏற்றுவதும் ஆபத்து. ஏதாவது ஆகிவிட்டால் மாட்டுவது உங்கள் தங்கைதான்.

பராமரிப்பு வேலைதான் விருப்பமென்றால், அரசுத் திறன் பயிற்சியில் ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’, ‘ஹோம் ஹெல்த் எய்ட்’ என்று இரண்டு உண்டு. முன்னது ஆஸ்பத்திரி வார்டுக்கு, பின்னது வீட்டுக்கு. சில மாதங்களில் முடிந்துவிடும். பேட்ச் எங்கே நடக்கிறது என்று நாகர்கோவில் கோணம் பகுதியிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடு வேலை செய்ய ஆசையென்றால் வழியே வேறு. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பாக இருக்க வேண்டும்.

சேரும் இடத்தில் கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். வார்டில் எத்தனை நாள் நிற்க வைப்பார்கள், எந்த ஆஸ்பத்திரியில், யார் மேற்பார்வையில் என்று கேளுங்கள். புத்தகத்தில் படித்தவர் முதல் நாளே தடுமாறும் வேலை இது.

படுத்த படுக்கையாக இருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். முழுக்க ஒருக்களிக்காமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சுமார் 30 டிகிரி சாய்த்தால் இடுப்பெலும்பில் அழுத்தம் குறையும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வையுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. பலரும் உடனே எண்ணெய் தேய்த்துத் தடவிவிடுவார்கள். அப்படித் தேய்த்தால் அடியிலிருக்கும் சதை மேலும் கெட்டுப்போகும். அந்தப் பக்கம் படுக்க விடாமல், நர்ஸுக்குச் சொல்வதுதான் சரி.

மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பதானால், குழாயில் போட்ட அடையாளம் நகரவில்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். நகர்ந்திருந்தாலோ நோயாளி இருமினாலோ கொடுக்கவே கூடாது. தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்; கொடுத்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். உடனே படுக்கப் போட்டால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். பக்கவாதக்காரரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். வீல்சேரை நல்ல பக்கமாகப் போட்டு, பிரேக் பூட்டிவிட்டுத்தான் ஆளை எழுப்ப வேண்டும். இத்தனையையும் கையால் செய்து பழக்காத மையத்தில் சேர்க்காதீர்கள்.

பிள்ளைகள் வளைகுடாவில், பெற்றோர் மட்டும் வீட்டில் என்ற நிலை மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கம் சாதாரணம். அதனால் தினசரி நோட்டு எழுதும் பழக்கம் மிக முக்கியம்: மருந்து கொடுத்த நேரம், பிரஷர், சுகர், உணவு, சிறுநீர் அளவு. தூரத்திலிருக்கும் மகன் கேட்பதும், டாக்டர் கேட்பதும் அதைத்தான். மலையாளம் பேசத் தெரிந்தால் திருவனந்தபுரத்திலும் வேலை தேடலாம். தீராத நோயாளிகளின் வலிதணிப்புப் பராமரிப்பில் அங்குள்ள பாலியம் இந்தியா என்ற தொண்டு நிறுவனம் பயிற்சி நடத்துகிறது.

ஏஜென்சி மூலம் போனால் 12 மணி நேரமா, வீட்டோடு தங்கலா, வார விடுப்பு உண்டா, கமிஷன் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். வீட்டுக்கே சமைப்பதும் துவைப்பதும் வேலையில் சேருமா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பெரும்பாலான சண்டை அதில்தான் வருகிறது. அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்க வேண்டாம், நகல் போதும்.