எட்டாம் மாத வலி

அன்புள்ள அக்கா,

என் மனைவிக்கு 32 வாரம். நேற்று மதியம் இடுப்பு வலிக்கிறது என்றாள். சூட்டு வலிதான் என்று வீட்டில் சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள். ராத்திரி பனிக்குடம் உடைந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ஊசி போட்டு, 108இல் ஏற்றி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மாமியார் லேபர் வார்டில் கூட இருக்கிறார். நான் வெளியே வேப்பமரத்தடியில். 'ஏழுல பொறந்தா தங்கும், எட்டுல தங்காது' என்று பக்கத்தில் ஒருவர் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் என்னதான் செய்வது?

கா., திருவண்ணாமலை மாவட்டம்

(கடிதம் வந்த இரவே பதில் அனுப்பிவிட்டேன். அவர் சம்மதித்ததால் இங்கே போடுகிறேன்.)

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த ஏழு எட்டுக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். வயிற்றில் ஒரு வாரம் கூடுதலாக இருந்தால் குழந்தைக்கு ஒரு வார லாபம், அவ்வளவுதான். இந்தப் பேச்சு உள்ளே அவள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போயிருந்தால் மாமியாரே மறுத்துச் சொல்லட்டும். (37 வாரத்துக்கு முன்னால் விட்டு விட்டு வருகிற வலியைச் சூட்டு வலி என்று கஷாயத்தோடு முடித்துக்கொள்ளக் கூடாது. இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, படிக்கும் மற்றவர்களுக்காக.)

அந்த ஊசி குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். நம் அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒன்று வீதம் நாலு ஊசி. முதல் ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று ரெஃபரல் சீட்டில் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் போன் பண்ணிக் கேட்டு வாங்கி, டியூட்டி மாறும்போதெல்லாம் சிஸ்டரிடம் சொல்லுங்கள். காய்ச்சல், பனிக்குடத் தண்ணீரில் நாற்றம், குழந்தையின் அசைவு குறைவது, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிட மாமியாரிடம் சொல்லுங்கள். சீக்கிரம் பிறக்கட்டும் என்று யாராவது விளக்கெண்ணெய், கஷாயம் எதையாவது தூக்கிக்கொண்டு வந்தால் வாசலிலேயே நிறுத்துவது உங்கள் வேலை.

மாமியார் உள்ளே இருப்பது சும்மா இல்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004இலேயே பிரசவத்தின்போது ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்று கொண்டுவந்தார்கள். கூட ஒரு ஆள் விடாமல் இருந்தால் பிரசவ நேரம் கொஞ்சம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வலி ஏறும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் இடுப்பை அழுத்திப் பிடிக்கட்டும், இடையில் டாக்டர் அனுமதித்தால் ஒரு வாய் தண்ணீர். 'ஒண்ணும் ஆகாது' என்று மட்டும் சொல்ல வேண்டாம். அவளுக்குத் தெரியும், ஏதோ ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. 'நான் இங்கதான் இருக்கேன்' போதும்.

என் தங்கைக்கு 33 வாரத்தில் பிறந்தபோது உள்ளே இருந்தவள் நான்தான். குழந்தை உடனே அழவில்லை, சூடு கொடுக்கிற வார்மர் மேசைக்குத் தூக்கிப் போனார்கள், நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. நஞ்சுக்கொடிகூட வெளியே வராத நிலையில் அவள் 'ஏன் அழல, ஏன் அழல' என்று தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். அந்தப் பையன் இப்போது கிரிக்கெட் ஆடுகிறான், அவள் அந்தப் பத்து நிமிடத்தை இன்னும் என்னிடம் சொல்லிக்காட்டுகிறாள். சொல்லட்டும், நியாயம்தான். ஆகவே மாமியாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: குழந்தையைப் பார்க்க டாக்டர், நர்ஸ் எல்லாரும் இருப்பார்கள், நீங்கள் அவள் தலைமாட்டை விட்டு நகராதீர்கள் என்று.

பிறந்த பிறகும் அதே கதைதான். குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும், அவள் மட்டும் மற்றக் குழந்தைகள் அழுகிற வார்டில் வெறும் கையோடு படுத்திருப்பாள். முதல் சில மணி நேரத்திலேயே சீம்பாலைக் கையால் பீய்ச்ச ஆரம்பிக்க வேண்டும், அப்புறம் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும். நாலு சொட்டுதான் வரும், அதுவே அந்த வயிற்றுக்குப் பெரிசு. 'பால் இல்லையா?' என்று கேட்கிற சொந்தக்காரர்களை வார்டு பக்கம் விடாதீர்கள். டியூபிலோ பாலாடையிலோ அந்தச் சொட்டுகள் உள்ளே போகும்.

உங்கள் முறையும் வரும். சட்டையைக் கழற்றிவிட்டுக் குழந்தையை வெறும் மார்பில் சாய்த்து வைத்துக்கொள்கிற கங்காரு முறையை அப்பாவும் செய்யலாம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் ஆரம்பித்தது. பிறந்ததும் உடனே தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு குறைகிறது என்று இந்தியாவும் சேர்ந்த ஐந்து நாட்டு ஆய்வு 2021இல் சொன்னது. எப்போதிலிருந்து அனுமதிப்பீர்கள் என்று நீங்களே போய்க் கேளுங்கள், கூப்பிடுவார்கள் என்று மரத்தடியில் காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி எழுதியிருக்கும், குறைமாதக் குழந்தைக்கு விழித்திரையைப் பிறந்த நாலு வாரத்துக்குள் பார்த்துவிட வேண்டும், அதைத் தவற விடாதீர்கள்.

இப்போது எழுந்து போய் ஏதாவது சாப்பிடுங்கள், மாமியாருக்கும் இட்லி வாங்கிக் கொடுத்தனுப்புங்கள், அவர் நேற்றிலிருந்து நின்றுகொண்டிருப்பார். நாலாவது ஊசி போட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.