ஆஸ்பிரின் மட்டும் போதாதா, டாக்டர்?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. இசிஜி எடுத்ததில் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்றார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அபிக்ஸபான் மாத்திரை எழுதித் தந்தார்கள். படபடப்பு எதுவும் இல்லை என்கிறார் அப்பா. சமீபத்தில் ஒருமுறை தடுமாறி விழுந்ததால், ரத்தக்கசிவுக்குப் பயந்து ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கிறோம். அது போதாதா?

பதில்: போதாது. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது தவறான பக்கம் சாய்ந்திருக்கிறது.

இந்தக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே துடித்துக்கொண்டிருக்கும். இடது மேலறையை ஒட்டி சின்னப் பை போன்ற ஒரு மூலை உண்டு. ரத்தம் அங்கே தேங்கி உறைகிறது. அந்த ரத்தக்கட்டி நகர்ந்து மூளையின் ரத்தக்குழாயை அடைத்தால் பக்கவாதம். பெரும்பாலும் பெரிய குழாய் அடைபடுவதால் பாதிப்பும் கடுமையாக இருக்கும். படபடப்பு தெரியாவிட்டாலும், துடிப்புக் கோளாறு வந்து வந்து போனாலும் கட்டி உருவாகலாம்.

ஆபத்தை மருத்துவர்கள் மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். 75 வயதைத் தாண்டியதற்கு 2, ரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1. ஆண்களுக்கு 2 வந்தாலே மாத்திரை தேவை, அப்பாவுக்கு 4.

ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்களைத்தான் தடுக்கும். தேங்கிய ரத்தம் உறைவதற்கு உறைதல் புரதங்களே முக்கியக் காரணம், அங்கே ஆஸ்பிரினுக்கு அதிக வேலை இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், வயதானவர்களுக்கு ஆஸ்பிரினாலும் ரத்தக்கசிவு வரும். அபிக்ஸபானோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. உறைதலைத் தடுக்கும் மாத்திரைகளோ பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைக்கின்றன.

ஒருமுறை விழுந்ததற்காக இந்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஏன் விழுந்தார் என்று பாருங்கள்: கண்பார்வையா, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா, தூக்க மாத்திரையா? சிறுநீரகச் செயல்பாட்டைப் பரிசோதித்துத்தான் மாத்திரையின் அளவை முடிவு செய்வார்கள். ஆஸ்பிரினைத் தொடர வேண்டுமா என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால் கணக்கு மாறும். அபிக்ஸபானை நீங்களாக நிறுத்தவும் கூடாது, ஓரிரு வேளை தவறினாலே பாதுகாப்பு குறைந்துவிடும்.

அப்புறம், மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல் தெரிந்தாலும் அப்படித்தான். போனதும் அவர் சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சொல்லுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்தது.