முட்டை, பப்பாசி, தயிர், புடையன்: புரதம் பற்றிக் கேட்ட கேள்வியளும் பதிலும்

ஏஎல் உயிரியல் படிப்பிக்கிற ஆள் நான். புரதத்தைப் பற்றி என்ன எண்டாலும் கேளுங்கோ எண்டு நேற்றுச் சொல்லிப்போட்டன், இவ்வளவு பேர் கேப்பியள் எண்டு நினைக்கேல்ல.

மாங்குளத்துப் பிள்ளை: சேர், முட்டை அவிச்சா பெப்டைட்டுப் பிணைப்பு உடையுமோ? வகுப்பில பாதிப்பேர் ஓம் எண்டினம்.

இல்லை பிள்ளை. அமினோ அமிலங்களைக் கோர்த்து வைச்சிருக்கிற அந்தப் பிணைப்பு பலமானது, கொதிதண்ணிச் சூட்டுக்கு அசையாது. குலையிறது மடிப்புத்தான், எண்டா அந்த நீளச் சங்கிலி மடிஞ்சு சுருண்டு எடுத்திருக்கிற வடிவம். அந்த மடிப்பைப் பிடிச்சு வைச்சிருக்கிறது ஐதரசன் பிணைப்பு, நேர் மறை ஏற்றங்களின்ர இழுவை, பிறகு தண்ணி பிடிக்காத பக்கச்சங்கிலியள் (அமினோ அமிலங்களில பக்கத்தால நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியள்) தண்ணிக்கு ஒளிச்சு உள்ளுக்கை போய்க் கும்பலா இருக்கிறது, என்னைக் கேட்டா இந்தக் கடைசிதான் பெரிய ஆள், சோதினையில கனபேர் எழுதாம விடுறதும் இதைத்தான். ஒவ்வொண்டும் தனியப் பாத்தா பலமில்லை. கிடுகு வேலி மாதிரி, ஒரு கட்டு அவிழ்ந்தா ஒண்டும் நடக்காது, எல்லாம் ஒண்டாத் தளர்ந்தா வேலி படுத்திடும். ஒளிச்சிருந்த பகுதியள் வெளியில வந்து பக்கத்துச் சங்கிலியளோட ஒட்டுப்பட்டுத்தான் வெள்ளைக்கரு கட்டியாகுது.

ஒட்டுசுட்டான் அம்மா: தம்பி, இறைச்சி அவியாட்டி பப்பாசிக்காய்த் துண்டு போடுவம். அதுவும் இதுதானோ?

இது வேற அம்மா. பப்பாசிப் பாலில பப்பெயின் எண்டு ஒரு நொதியம் இருக்கு, அது அந்தப் பலமான பெப்டைட்டுப் பிணைப்பையே வெட்டும். ஆனா அதுவும் புரதம்தானே, நல்லாக் கொதிச்சா அதின்ர மடிப்பும் குலைஞ்சிடும், அதால முதலே பிரட்டி ஊறவிடுங்கோ.

துணுக்காய்: எருமைப்பாலைக் கொதிக்க வைச்சாலும் திரையேல்ல, உறை விட்டாத்தான் தயிராகுது. ஏன் அண்ணை?

நல்ல கேள்வி. பாலில கூட இருக்கிறது கேசீன், அதில இறுக்கமான மடிப்புக் குறைவு, சூட்டுக்குக் குலைய பெரிசா ஒண்டுமில்லை. கேசீன் உருண்டையளின்ர வெளிப்பக்கம் மறை ஏற்றம், அதால ஒண்டையொண்டு தள்ளிக்கொண்டு நிக்குங்கள். உறையில இருக்கிற பற்றீரியா லக்ரிக் அமிலம் செய்ய, புளிப்பைக் காட்டுற பிஎச் அளவு 4.6 கிட்ட வரேக்க ஏற்றம் சமப்பட்டுத் தள்ளுற வேலை நிண்டிடும், பிறகென்ன, ஒட்டிக்கொள்ளும்.

புதுக்குடியிருப்பு: வயலுக்குள்ள புடையன் பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரியில ஏத்துற மருந்து விசத்தை எப்பிடித் தேடிப் பிடிக்குது?

தேடுறேல்ல. குதிரைக்குக் கொஞ்சங் கொஞ்சமா விசம் ஏத்தி எடுத்த பிறபொருளெதிரியள் (வெளியில இருந்து வந்ததைப் பிடிக்க உடம்பு செய்யிறதுகள்) அதில இருக்கு, அதுகளும் புரதம். இரத்தத்தில அலைஞ்சு திரியேக்க விசப்புரதத்தோட முட்டும், வடிவமும் ஏற்றமும் பொருந்தினா முன்னம் சொன்ன அதே சின்னப் பிடியள் கனக்கச் சேர்ந்து விடாமப் பிடிக்கும். பொருந்தாட்டி விட்டிட்டுப் போயிடும், அதால எல்லாப் பாம்புக்கும் ஒரே மருந்து சரிவராது. ஏற்கெனவே பழுதான தசையை மருந்து திருத்தாது. கீறிறது, உறிஞ்சிறது, இறுக்கிக் கட்டிறது எல்லாத்தையும் விட்டிட்டு உடன கொண்டு ஓடுங்கோ.

திருப்ப மாங்குளத்துப் பிள்ளை: அவிச்ச முட்டையைப் பச்சையாக்கேலாதோ சேர்?

வீட்டில ஏலாது, சங்கிலியெல்லாம் சிக்குப்பட்டுப் போச்சு. ஆனா அன்ஃபின்சன் எண்டவர் 124 அமினோ அமிலம் உள்ள ரைபோநியூக்கிளியேஸ் எண்ட நொதியத்தை, மடிப்பைக் குலைக்கிற யூரியா போட்டு, இருசல்பைட்டுப் பிணைப்பையும் (சங்கிலியின்ர ரெண்டு இடத்தைக் கந்தகத்தால இணைக்கிற பிணைப்பு) உடைச்சு விரிச்சுப்போட்டு, பிறகு யூரியாவை எடுத்துக் காத்துப்பட விட, அது தானாத் திருப்ப மடிஞ்சு வேலை செய்யத் தொடங்கிட்டுது. 1972 இல நோபல் பரிசும் வந்தது. மடியிற வழி அமினோ அமில வரிசைக்குள்ளயே இருக்கெண்டுதான் அதில விளங்கினது.